சதுரங்கப் புத்தகத்தில் என் வயது

எனக்கு என்ன வயது என்று யாராவது கேட்டால் இன்றும் எரிச்சல் வருகிறது. கேட்டவர் மேல் அல்ல. ஒரு வாசகசாலையின் மேல், அதற்குத் தலைவராக இருந்த ஒரு பார்வத்தியாரின் மேல், அவர் கோடு போட்டு எழுதி வைத்திருந்த ஒரு நோட்டுப் புத்தகத்தின் மேல்.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே ராஜ்யமாகி இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்த நேரம். அருமனைக்கு வடக்கே ஒரு ரப்பர் தோட்டத்தின் புகைப்புரையில் எனக்கு வேலை. உறைந்த பாலை உருளையில் கொடுத்து ஷீட் ஆக்கி, அதை மூங்கிலில் தொங்கவிட்டு, கீழே தீ அணையாமலும் கொழுந்துவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு முன்னால் அஞ்சுகிராமத்துக்குத் தெற்கே உப்பளத்தில் இரண்டு வருடம். அதற்கும் முன்னால் கொல்லத்தில் முந்திரிக்கொட்டை வறுக்கும் கொட்டகையில் நான்கு வருடம். உப்பு காலைத் தின்றது, கொட்டையின் எண்ணெய் கைத்தோலை உரித்தது, புகை கண்ணைச் சிவக்க வைத்தது. முன்தலை நரைத்துவிட்டது. கீழ்வரிசையில் மூன்று பல் கிடையாது. வருத்தப்பட்டுச் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்து வயது சொல்ல வந்தவர்களுக்கு இவையெல்லாம் சாட்சியாகிவிட்டன, அதனால் சொல்கிறேன்.

சதுரங்கம் கற்றது அந்த முந்திரிக் கொட்டகையில்தான். அங்கே மத்தியானம் தோற்றவன் மற்ற எல்லோருக்கும் ஆற்றிலிருந்து தண்ணீர் சுமக்க வேண்டும். ஆறு முக்கால் மைல் தூரம். அதனால் நான் ஆரம்பத்திலிருந்தே அவசரப்படாமல் ஆடப் பழகினேன். எதிராளி தப்புச் செய்யும்வரை எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருப்பேன். அவன் கட்டாயம் ஒரு தப்புச் செய்வான். இதில் பெரிய ஞானம் ஒன்றும் இல்லை, தண்ணீர் சுமக்கச் சோம்பல், அவ்வளவுதான்.

தோட்டத்திலிருந்து ஒரு மைல் இறங்கினால் ஒரு முக்கு வரும். அங்கே ஒரு சாயாக்கடை. அதன் பக்கச்சுவரோடு ஒட்டி ஓடு போட்ட ஒரே அறையாக வாசகசாலை. உள்ளே ஒரு மேசை, இரண்டு பெஞ்சு, நான்கு நாள் பழைய மலையாளப் பத்திரிகை, ஒரு சதுரங்கப் பலகை. பலகை ஈட்டி மரம், காய்கள் கடைசல் வேலை. அவ்வளவு நல்ல காய்களை நான் அதுவரை தொட்டதில்லை. கொட்டகையில் எங்களுக்கு ராஜா என்றால் உடைந்த சிமினியின் கழுத்து, காலாள் என்றால் முந்திரிக்கொட்டை.

இந்தப் பலகையில் ஆட எல்லோருக்கும் அனுமதி கிடையாது. அங்கேதான் புத்தகம் வருகிறது.

அந்தப் பகுதிக்கு அரசாங்கம் என்றால் பார்வத்தியார்தான். நிலவரி அவர் கையில், புறம்போக்கு அவர் கையில், இன்னார் இன்னாருடைய மகன் என்று எழுதித் தருவதும் அவர் கை. ஐம்பத்து நான்கு வயது, குடுமி இல்லாத மொட்டைத் தலை, மூக்கின் நுனியில் கண்ணாடி. கைக்கூலி வாங்கமாட்டார். எழுதியதை அடிக்கவும் மாட்டார். அவர்தான் வாசகசாலைக்குத் தலைவர். சதுரங்கம் ஆடுபவர்களைத் தரம் பிரித்து ஒரு புத்தகம் போட்டிருந்தார். ஒவ்வொருவனுக்கும் ஒரு எண். பொன்னுக்கு மாற்றுப் பார்ப்பதுபோல அதற்கு மாற்று என்றே பெயர் வைத்திருந்தார்.

மாற்றுக் கணக்கிடும் முறை இது. வயதுக்கு வருடத்துக்கு ஒன்று. ஜெயித்த ஆட்டத்துக்குக் கால். அவ்வளவுதான். அதாவது எழுபது வயதில் ஒருவன் முதல்முதலாகக் காயைத் தொட்டாலும் எழுபதில் ஆரம்பிப்பான். இருபத்தைந்து வயதுக்காரன் நூறு ஆட்டம் ஜெயித்தால்தான் ஐம்பதைத் தொடுவான். நூறு ஆட்டம் ஜெயிப்பதற்கும் வழி இல்லை. ஏனென்றால் மூத்தவரின் ராஜாவை இளையவன் முடக்கினால் ‘அடியறவு’ என்று வாய்விட்டுச் சொல்லக்கூடாது. அது மரியாதை இல்லை. காயிலிருந்து கையை எடுத்துவிட்டு, “மதியா?”, அதாவது போதுமா, என்று கேட்க வேண்டும். மூத்தவர் தலையை ஆட்டுவார். புத்தகத்தில் சமன் என்று பதிவாகும்.

முதல் ஆறு மாற்றுக்காரர்கள் உள்ளே, பெஞ்சில், ஈட்டிப் பலகையில் ஆடலாம். மற்றவர்கள் சாயாக்கடையின் இறக்கத்தில், அதாவது முன்னால் தாழ்வாக இறக்கிக் கட்டிய சாய்ப்பில், கரிக்கட்டையால் கோடு கிழித்த பலாப்பலகையில், சோடாப் புட்டி மூடியை வைத்துக்கொண்டு ஆட வேண்டும். சாரல் அடித்தால் கோடு கரைந்துவிடும். என் குதிரை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று சண்டை வரும்.

முதல் மாற்று யாருக்கு என்றால் ஒரு ஆசானுக்கு. எலும்பு முறிவுக்கு எண்ணெய் போட்டுக் கட்டும் வைத்தியர். எழுபத்திரண்டு வயது. நல்ல மனிதர், என் கைக்கு எண்ணெய் தந்திருக்கிறார், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் ஆட்டத்தின் நடுவே தூங்கிவிடுவார். விழித்ததும் யாருடைய காய் எது என்று கேட்பார். அவர்தான் எங்கள் எல்லோரையும்விடச் சிறந்த ஆட்டக்காரர் என்று பார்வத்தியார் கையெழுத்துப் போட்டு எழுதி வைத்திருந்தார்.

நான் சாயாக்கடைக்காரரோடு இறக்கத்தில் ஒரு மாதம் ஆடினேன். அவருக்கு முப்பத்திரண்டு வயது, மூன்று பிள்ளைகள். சாயா ஆற்றிக்கொண்டே ஆடுவார். உண்மையில் அந்த முக்கில் ஆடத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவருடைய மாற்றுப்படி அவர் பதினொன்றாவது இடம். நான் ஒரு நாள் பொறுக்க முடியாமல் கதவைத் தாண்டி உள்ளே போய், என் பெயரையும் எழுதிக்கொள்ள வேண்டும் என்றேன்.

பார்வத்தியார் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“ஒனக்க வயசு எத்ர?”

உள்ளே ஆறாவது இடத்தில் இருந்தவருக்கு மாற்று நாற்பது. அதை இறக்கத்திலிருந்தே தெரிந்துகொண்டுதான் போயிருந்தேன்.

“நாப்பத்தொண்ணு ஏமானே.”

அவர் என் நரையைப் பார்த்தார், பல்லைப் பார்த்தார், சந்தேகப்படாமல் எழுதிக்கொண்டார். என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் இவ்வளவு சுலபமாகச் செல்லுபடியானது வேறு இல்லை. அன்று முதல் எனக்கு உள்ளே பெஞ்சு. சாயாக்கடைக்காரர் என்னை அண்ணாச்சி என்று கூப்பிட ஆரம்பித்தார். மூன்று பிள்ளைக்குத் தகப்பன் என்னை அண்ணாச்சி என்பது கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஆனால் ஈட்டிப் பலகை கிடைத்ததே என்று இருந்துவிட்டேன்.

எனக்கு நிஜத்தில் என்ன வயது? என் தாய் சொன்னது ஒன்றுதான்: தொண்ணூற்றொன்பது வெள்ளத்துக்கு மறு வருடம் நான் பிறந்தேன். கொல்லம் ஆண்டுக் கணக்கில் ஆயிரத்து நூறு, இங்கிலீஷ் கணக்கில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்து. அப்படியென்றால் அப்போது எனக்கு இருபத்தேழு. ஞானஸ்நானப் புத்தகம் இருக்கும் வீட்டில் பிறந்தவனுக்கு வயது எழுத்தில் உண்டு. பள்ளிக்கூடத்தில் நிலைத்து நின்றவனுக்கு உண்டு. நான் மூன்று பள்ளிக்கூடத்தில் சேர்ந்து, மூன்றிலும் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். எந்தப் பள்ளிக்கூடத்திலும் நான் வந்துபோன சுவடு இல்லை.

ஜூன் பிறந்ததும் இடவப்பாதி மழை பிடித்தது. மழையில் பால் வெட்டு நின்றுவிடும். பட்டையில் தண்ணீர் ஓடினால் பால் சிரட்டையில் சேராது. பால் இல்லாவிட்டால் ஷீட் இல்லை, ஷீட் இல்லாவிட்டால் எனக்குப் புகைப்புரை இல்லை. தோட்டத்து மேஸ்திரி, இருக்கிற ஷீட் காய்ந்ததும் பத்து நாளில் இடத்தைக் காலி செய்துவிடு என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கும் கோபம் இல்லை. இப்படி எட்டுத் தடவை காலி செய்திருக்கிறேன்.

ஒன்பதாவது தடவை வேண்டாம் என்றுதான் தோன்றியது. அந்த வாரமே பத்திரிகையில் ஒரு அறிவிப்பு வந்திருந்தது. சர்க்கார் பஸ்ஸுக்குக் கண்டக்டர்கள் வேண்டும். எழுதப் படிக்கக் கூட்டத் தெரிந்தால் போதும். வயது முப்பதைத் தாண்டக்கூடாது. பள்ளிச் சான்று இல்லாதவர்கள் பார்வத்தியாரிடம் வயதுச் சான்று வாங்கி வர வேண்டும். சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் நாகர்கோவிலில் கொடுக்க வேண்டும். காக்கிச் சட்டை, மழைக்கு மேலே கூரை, ஒரே இடத்தில் ராத்தங்கல். அந்த வேலை எனக்கு வேண்டும் என்று தோன்றியதுபோல வேறு எதுவும் வேண்டும் என்று அதுவரை தோன்றியதில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வாசகசாலைக்குப் போனேன். வெளியே கொட்டுகிற மழை. பார்வத்தியார் மேசையில் இருந்தார், மழைக்காலத்தில் கச்சேரிக் காகிதங்களையும் முத்திரையையும் இங்கேயே கொண்டுவந்துவிடுவார். ஆசான் பெஞ்சில் சாய்ந்திருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். இருபத்தேழு என்று எழுதித் தரவேண்டும் என்றேன்.

அவர் மேசை இழுப்பறையைத் திறந்து மாற்றுப் புத்தகத்தை எடுத்து, என் பெயர் உள்ள பக்கத்தைத் திருப்பி, என் பக்கமாகத் தள்ளினார்.

“இது ஆருக்க எழுத்து?”

“ஏமானுக்க எழுத்து.”

“நாப்பத்தொண்ணு. கீழ என் ஒப்பு. இப்பம் அதே கையால இருவத்தேழுண்ணு எழுதணும். அப்பம் இதுல எது எனக்க கை?”

“அது நான் சொன்ன பொய் ஏமானே. பெஞ்சில இருக்கணும்ணு சொன்னேன்.”

“எடே,” என்றார், குழந்தைக்குச் சொல்வதுபோல. “மனுசன் பொய் சொல்லணும்ணா உத்தியோகத்துக்குச் சொல்லுவான். கல்யாணத்துக்குச் சொல்லுவான். சதுரங்கம் ஆடுயதுக்கு எவனாவது வயசைக் கூட்டிச் சொல்லுவானா? இண்ணைக்கு நீ சொல்லியதுதான் பொய்.”

தர்க்கம் அப்படியே நிற்கிறது. உலகத்தில் எவனும் செய்யாத ஒன்றை நான் செய்திருந்தேன், அதனால் நான் செய்யவில்லை. அந்தப் புத்தகத்தை அவர் போட்டதால்தான் ஒருவன் சதுரங்கத்துக்காக வயதைக் கூட்டிச் சொல்ல வேண்டிவந்தது என்பது அவருக்கு உறைக்கவே இல்லை.

“எங்கம்மை சொல்லியிருக்கா. வெள்ளத்துக்கு மறுவருசம்.”

“இந்தப் பகுதியில பாதிப் பேரு வெள்ளத்துக்கு மறுவருசந்தான் பொறந்திருக்கான். மீதிப் பேரு வெள்ளத்துக்கு முந்தின வருசம். வேற எந்த வருசமும் இங்க எவனுக்கும் பேறுகாலம் ஆகல்ல போலிருக்கு.”

ஆசான் கண்ணைத் திறக்காமலேயே சிரித்தார்.

நான் மேஸ்திரியைக் கூட்டி வரட்டுமா என்று கேட்டேன். மேஸ்திரி என்னை ஆறு மாதமாகத்தான் அறிவான் என்றார். நரையைப் பார்த்து ஏமாற வேண்டாம், உப்பளத்தில் நின்றால் நரைக்கும் என்றேன். உப்பளத்தில் நிற்கிற எல்லோருக்கும் நரைத்திருக்கிறதா என்றார். அரை மணி நேரம் இப்படிப் போயிற்று. மழையைப்போல, விடவும் இல்லை, வேறு எதுவும் ஆகவும் இல்லை. கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். கண்டுபிடித்த சந்தோஷத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“முகம் பொய் சொல்லும். வாய் பொய் சொல்லும். ஆட்டம் சொல்லாது. இருவது வயசுக்காரன் மந்திரியைக் கையில தூக்கிட்டு ஓடுவான். நாப்பதுக்காரன் பொறி வெச்சுட்டுக் காத்திருப்பான். எம்பது ஆட்டக்காரன்மாரப் பாத்து எழுதியிருக்கேன், எனக்குத் தெரியும். இரி. எங்கூட ஒரு ஆட்டம் ஆடு. இண்ணைக்கு சமன் கெடையாது. நீ ஜெயிச்சா நாப்பத்தொண்ணு. எனக்க ராஜாவை முடக்க முப்பது வயசுக்கு உள்ளவனால முடியாது. தோத்தா இருவத்தேழு. அப்பமே எழுதி முத்திரை குத்தித் தாரேன்.”

ஆசான் இப்போது கண்ணைத் திறந்தார். “நியாயம்,” என்றார்.

எனக்கு முதலில் ஆறுதலாகத்தான் இருந்தது. தோற்றால் போதும். கொட்டகையில் ஒரு தோல்விக்கு முக்கால் மைல் நடந்தவனுக்கு இங்கே தோற்பதற்குக் காகிதம் தருகிறார்கள். காய்களை அடுக்கினோம். சாயாக்கடைக்காரர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு நிலைப்படியில் வந்து நின்றார்.

எங்கள் ஆட்டம் நாட்டுமுறை. காலாள் எப்போதும் ஒரே ஒரு கட்டம்தான் போகும். மூலையில் தேர், உள்ளே ஆனை. நான் மூன்றாவது நகர்த்தலிலேயே மந்திரியைக் கொண்டுபோய் அவருடைய குதிரையின் வாயில் வைத்தேன். எடுத்துக்கொள்ளலாம். ஒரு கையை நீட்ட வேண்டியதுதான்.

அவர் நீட்டவில்லை. தாடையைத் தடவினார். ஆசானைப் பார்த்தார்.

“பாத்தேரா ஆசானே? மந்திரியை வெறுதே கொண்டு வைக்கான்.”

“எடுக்காதேயும்,” என்றார் ஆசான். “உள்ளுக்கு என்னமோ இருக்கு.”

“எனக்குத் தெரியாதா? நாப்பது வயசுப் பொறி இது.”

மந்திரியை விட்டுவிட்டு, தன் ராஜாவைச் சுற்றி ஒரு காலாளை நகர்த்தினார். நான் தேரை வைத்தேன். அதையும் எடுக்கவில்லை. இரண்டு ஆனைகளையும் அடுத்தடுத்து வெட்டவெளியில் நிறுத்தினேன். நான் ஒன்றை வைக்க வைக்க அவர் முகத்தில் மரியாதை கூடியது. நான் தப்புச் செய்தால் அது அனுபவம். சரியாக ஆடினாலும் அது அனுபவம். முட்டாள்தனமாக ஆட எனக்கு வழியே இல்லாமல் செய்துவிட்டார் அந்த மனிதர்.

“ஏமானே, எடுத்துக்கிடுங்க,” என்று ஒரு கட்டத்தில் சொல்லியே விட்டேன்.

“கேட்டேரா? எடுக்கச் சொல்லுயான்!” என்று ஆசானிடம் சொல்லி இன்னும் பின்னுக்கு நகர்ந்தார்.

சாயாக்கடைக்காரர் நிலைப்படியில் வாயைத் துணியால் பொத்திக்கொண்டிருந்தார்.

ஒரு மணி நேரம் போயிருக்கும். ஆசான் பொறுமை இழந்து, “அந்த தேரை மட்டும் எடுத்துப் பாருமே, என்ன ஆகுண்ணு பாப்போம்,” என்றார். பார்வத்தியார் கொதிக்கிற எண்ணெயில் விரலை விடுவதுபோல எடுத்தார். ஒன்றும் ஆகவில்லை. மந்திரியை எடுத்தார். ஒன்றும் ஆகவில்லை. பிறகு தைரியம் வந்தது. ஒவ்வொன்றாக எடுத்து மேசையின் ஓரத்தில் வரிசையாக அடுக்கினார். எனக்குக் கையிலிருந்து பாரம் இறங்குவதுபோல இருந்தது. கடைசியில் என் பக்கம் ராஜாவும் ஒரு காலாளும் மட்டும் மிச்சம். நாளைக் காலையில் நாகர்கோவில் போய்ச் சேருவதைப் பற்றி யோசிக்க ஆரம்பித்திருந்தேன்.

அவர் தன் தேரை ஒரு கட்டம் நகர்த்தி என் ராஜாவின் பின்வழியை அடைத்துவிட்டு, வெற்றிலைச் செல்லத்தை எடுத்தார். நான் பலகையைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன்.

என் ராஜா எந்தப் பக்கமும் போக முடியாது. எனக்கு மிஞ்சியது காலாள் ஒன்று, அதற்கு ஒரே ஒரு நகர்த்தல், ஒரு கட்டம் முன்னால். ஆனால் அந்த ஒரு கட்டம் போனால் அவருடைய ராஜாவுக்கு அரசு, அதாவது செக், விழும். விலகலாம் என்றால் பயத்தில் அவர் தன் ராஜாவைச் சுற்றித் தேரையும் ஆனையையும் காலாளையும் முட்டுக்கொடுத்து நிறுத்தி வைத்திருந்தார். மூச்சுவிட இடமில்லை. காலாளை வெட்டலாம் என்றால் அதற்குத் துணையாக என் ராஜா பக்கத்திலேயே நின்றது. அடியறவு. எல்லாவற்றையும் கொடுத்து முடித்த பிறகு, ஒரே ஒரு காலாளோடு நான் ஜெயிக்கப்போகிறேன். வேறு நகர்த்தலே கிடையாது.

இப்படி ஒரு சங்கடம் வேறு எந்தச் சதுரங்கக்காரனுக்காவது வந்திருக்குமா என்று தெரியவில்லை. அவர் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். அவர் பார்க்கவில்லை. ஆசான் மறுபடியும் தூங்கிவிட்டார். நான் மெதுவாக என் ராஜாவை எடுத்துப் பலகையில் படுக்க வைத்தேன்.

“அடியறவு ஏமானே. தோத்துட்டேன். எழுதித் தாங்க.”

“ம்,” என்று பேனாவை எடுத்தார். மைக்கூட்டைத் திறந்தார்.

“அண்ணாச்சி!” என்று நிலைப்படியிலிருந்து ஒரு அலறல். “என்ன சோலி செய்யீரு? கண்ணு அவிஞ்சு போச்சா? காலாளைத் தள்ளும்! நீரு ஜெயிச்சாச்சில்லா!”

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆட்டம் தெரிந்தவன் கண்ணெதிரே ஒரு அடியறவு வீணாகப் போனால் வாய் தானாகத் திறந்துவிடும். சொன்ன பிறகுதான் எனக்கு என்ன வேண்டும் என்பது அவருக்கு நினைவு வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். சவம், கடித்து என்ன ஆக?

பார்வத்தியார் பேனாவை வைத்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பலகையைப் பார்த்தார். ஆசானை எழுப்பி அவரையும் பார்க்க வைத்தார். படுத்துக் கிடந்த என் ராஜாவை நிமிர்த்தினார். காலாளைத் தன் விரலாலேயே ஒரு கட்டம் தள்ளிப் பார்த்தார். 

“ஜெயிக்கிய ஆட்டம்,” என்றார் மெதுவாக. “கையில இருந்துது. அதை வேணும்ணே தோக்கியான்.”

“வேலைக்காகத்தான் ஏமானே.”

“இருவத்தேழு வயசுக்காரனுக்கு அந்த மனசு வருமா? நாப்பதுக்காரனுக்கே வராது. ஜெயிக்கிய ஆட்டத்தைத் தோக்கணும்ணா மனுசன் அம்பது தாண்டணும்.” ஆசானைப் பார்த்தார். “அம்பத்திரண்டு போடலாமா ஆசானே?”

“போடலாம்,” என்றார் ஆசான், யோசித்துவிட்டு.

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. என்னவெல்லாம் கத்தினேன் என்று முழுசாக நினைவில்லை. நினைவிருப்பது இவ்வளவு: “ஒங்க புத்தகத்தைக் கொண்டுபோய் அடுப்பில வையும்! எழுபத்திரண்டு மாத்துண்ணு எழுதி வெச்சிருக்கேரே, அந்த ஆசானுக்குத் தன் குதிரை எது, அடுத்தவன் குதிரை எதுண்ணு தெரியுமா? கேட்டுப் பாரும்! அம்பத்து நாலு வயசு வரைக்கும் ஆடி ஒரு காலாளுக்க முன்னால மூச்சு முட்டி நிக்கேரு, ஒமக்க மாத்து என்னவோய்? சாயா ஆத்துயவன் பதினோராவது இடமாம்! வயசு கூடினா ஆட்டம் வரும்ணா இந்த நாட்டுல ஆமைக்குத்தான்வே ஒண்ணாம் மாத்து!” என் வாயிலிருந்து ‘ஏமானே’ எங்கோ போய்விட்டது, ‘ஓய்’யும் ‘வே’யும் வந்துவிட்டன. பலகையைத் தட்டிவிட்டேன். காய்கள் நான்கு பக்கமும் தெறித்தன. அதுவும் போதாமல் ஆட்டப் பெஞ்சை ஒரு உதை உதைத்தேன். அதுவும் ஈட்டிமரம். பெஞ்சு அசையவில்லை. வலதுகால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்றேன்.

பார்வத்தியார் கோபப்படவில்லை. அதுதான் எல்லாவற்றையும்விட எரிச்சல். என்னைத் தலையிலிருந்து கால்வரை, தூக்கிய காலையும் சேர்த்து, கவனமாகப் பார்த்தார்.

“ஆசானே,” என்றார். “நீரு எண்ணைக்காவது பெஞ்சை உதைச்சிருக்கேரா?”

“பண்டு,” என்றார் ஆசான். “கல்யாணத்துக்கு முந்தி.”

“நாப்பது தாண்டினவன் உதைக்கமாட்டான். கால் நோவுமேண்ணு முதல்ல நெனைப்பான்.” காகிதத்தை எடுத்து முன்னால் வைத்தார். “இது இருவத்தேழுதான்.”

எழுதினார். மலையாளத்தில், நிறுத்தி, எழுத்துக்கு எழுத்து. என் பெயர், அப்பாவின் பெயர், நேரில் பரிசோதித்ததில் இருபத்தேழு வயது என்று கண்டது. பிறகு மாற்றுப் புத்தகத்தைத் திறந்து, என் நாற்பத்தொன்றின் மேல் ஒரு கோடு கிழித்துப் பக்கத்தில் கையொப்பம் போட்டார். அந்தப் புத்தகத்தில் அவர் அடித்த முதல் எழுத்து அது என்று சாயாக்கடைக்காரர் பிறகு சொன்னார். என்னைக் கடைசிப் பெயருக்கும் கீழே எழுதினார்.

“முத்திரை, ஏமானே?”

“காய் முப்பத்திரண்டும் பலகையில வரட்டும்.”

நான் தரையில் நான்கு காலில் இறங்கினேன். பெஞ்சுக்கு அடியில் ஆறு, மேசைக்கு அடியில் ஒன்பது. ஆசானின் மடியில் ஒரு குதிரை கிடந்தது, அது தன்னுடையதா என்று கேட்டார். பத்திரிகை அடுக்கின் பின்னால் இரண்டு, மேசை ஓரத்தில் விழாமல் நின்றவை பதின்மூன்று. முப்பத்தொன்றுவரை வந்தது. ஒரு காலாள் இல்லை. எந்தக் காலாள் என்று நீங்கள் கேட்கலாம், எல்லாக் காலாளும் ஒரே மாதிரிதான் இருக்கும், எனக்குத் தெரியாது. பார்வத்தியார் முத்திரையை மைத்துணியில் ஒற்றி, கையில் பிடித்தபடி காத்திருந்தார். மை காய்ந்தது. மறுபடியும் ஒற்றினார்.

“முப்பத்தொண்ணு போதாதா ஏமானே? ஒரு காலாள்தானே?”

“ஒரு காலாள்தானேண்ணுதான் நானும் இருந்தேன்,” என்றார்.

சாயாக்கடைக்காரர் நிலைப்படியை விட்டு மழையில் இறங்கிப்போய், ஓட்டுத் தண்ணீர் விழுகிற சாலில் கையை விட்டுத் துழாவினார். நானும் நொண்டிக்கொண்டே போய்த் துழாவினேன். அவருடைய கையில்தான் அகப்பட்டது. சேற்றோடு என்னிடம் தந்தார்.

“நான் வாயை வெச்சிட்டு சும்மா இருந்திருக்கலாம், தம்பி,” என்றார்.

அண்ணாச்சி போய்த் தம்பி வந்திருந்தது. வேட்டியில் துடைத்துப் பலகையில் வைத்தேன். பார்வத்தியார் இரண்டு தடவை எண்ணினார். பிறகு முத்திரையைக் காகிதத்தில் வைத்து, மேலே உள்ளங்கையை வைத்து அழுத்தினார். எடுத்துப் பார்த்தேன். ஒரு ஓரம் மங்கலாக இருந்தது, ஆனால் படிக்கலாம்.

“இரி. இருவத்தேழு வயசுக்காரங்கூட ஆடி எத்ரயோ காலமாச்சு,” என்று காய்களை அடுக்க ஆரம்பித்தார்.

நான் உட்காரவில்லை. காகிதத்தை வாழைச்சருகில் சுற்றி மடியில் செருகிக்கொண்டேன். காலையில் முதல் பஸ்ஸைப் பிடிக்க ஐந்து மைல் நடக்க வேண்டும். கட்டைவிரல் அதற்குள் நன்றாக வீங்கிவிட்டது.